குருட்டுப் புள்ளி இல்லாத மனிதர்

இருட்டறைக்குள் சின்னையா மெஷினுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நாடி வைக்கும் இடத்தில் நாடி, நெற்றிப் பட்டையில் நெற்றி, கையில் பட்டன். ஒரு கண்ணை நான் வெள்ளைத் துணி வைத்து மூடியிருந்தேன். பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி தெய்வானை. அவர் மடியில் ஒரு பை, பைக்குள் தேத்தண்ணிப் போத்தல்.

“ஐயா, நடுவுல இருக்கிற மஞ்சப் புள்ளிய மட்டும் பாருங்க. சுத்தி எங்கயாவது சின்னதா ஒரு லைட் மின்னும். மின்னினா பட்டன அழுத்துங்க. லைட்டத் தேடக்கூடாது, கண்ண அசைக்கக்கூடாது,” என்றேன்.

“மிஸ், மடுல்கெல்ல ரோட்டுல பனிக்குள்ள லொறி ஓட்டுன கண்ணு இது,” என்றார் சின்னையா. “நீங்க போடுங்க லைட்ட.”

போட்டேன். அழுத்தினார். மேலே போட்டேன், அழுத்தினார். கீழே, ஓரத்தில், மூலையில், மங்கலாக, இன்னும் மங்கலாக, எங்கே போட்டாலும் அழுத்தினார். கண் ஒரு மயிரிழை அசையவில்லை. பாதிப் பேர் நடுவில் தூங்கிவிடும் அந்தப் பரிசோதனையை அவர் ஊதித் தள்ளினார்.

“பிரமாதம் ஐயா,” என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வராது. சின்னையா மனைவி பக்கம் திரும்பி மீசையைத் தடவினார். தெய்வானை முந்தானையால் முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டார். பரீட்சை எழுதியவர் அவர்தான் போல அவ்வளவு வியர்வை.

அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் நினைக்காமல் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்கப் போனேன். தாள் வெளியே வந்தது. இரண்டு கண்ணும் பளிங்கு. ஆனால் மேல் மூலையில் இருந்த ஒரு வரியைப் பார்த்ததும் தாளை விளக்குக்குக் கிட்டப் பிடித்து மறுபடி வாசித்தேன்.

இந்த மனிதருக்குக் குருட்டுப் புள்ளியே இல்லை.

காற்றுக்குப் பயந்தவர்கள்

புதிதாக இந்தத் தொடரைப் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்டி டவுனில், படியேறிப் போகவேண்டிய ஒரு சந்துக்குள் இருக்கும் தனியார் கண் கிளினிக்கில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். நான் டொக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. மெஷின்களை ஓட்டுகிறவள். ஆனாலும் எல்லோருக்கும் நான் மிஸ்தான்.

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு என் தங்கை போன் எடுத்தாள். “அக்கா, உன்னப் பத்தி எழுதச் சொன்னா நீ வர்ற ஆளுங்களப் பத்தியே எழுதுறியே,” என்றாள். வாழ்க்கையில் பாதியை இருட்டறையில் கழித்தவளைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் தேங்காய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், மூக்குக்கண்ணாடிக் கடையில் “கண் பிரஷர் கூட” என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். முகம் செத்துப்போய் வருவார்கள். அவர்களுக்கு நான் மூன்று மொழியிலும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்வது ஒன்றுதான். பிரஷர் கூடினால் பார்வை நரம்பைத் தின்னும் குளுக்கோமா என்று அர்த்தமில்லை. சிலருக்குக் கண்ணின் முன்பக்கத் தோல் தடிப்பாக இருக்கும், அதனால் மெஷின் கூட்டிக் காட்டும். சிலருக்கு உண்மையாகவே பிரஷர் கூட இருக்கும், ஆனால் ஆயுள் முழுக்க ஒன்றும் நடக்காது. இன்னும் சிலருக்குக் கண்ணுக்குப் பின்னால் நரம்பு மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும், அவர்கள் சந்தோஷமாகப் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். யார் எந்த ரகம் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை மெஷின்.

முதல் மெஷின் கண்ணுக்குள் ஒரு பொட்டுக் காற்றை ஊதும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் காற்றுக்கு நடுங்காத ஆண்பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கலகெதரவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், காற்று வருமுன்பே கதிரையோடு பின்னால் போய்விடுவார். கடைசியில் ஒருவழியாகப் பிரஷரை எடுத்துச் சொன்னால் பேரம் பேசுவார். “மிஸ், ஒரு ரெண்டு கொறச்சு எழுதுங்களேன். ஊட்டுல பொஞ்சாதி பயந்துருவா.” கடையில் ஆணிக்கு ஒரு சதம் குறைக்காத மனிதர்.

ஒரு பேங்க் மெனேஜர் வந்தார். கழுத்தை நெரிக்கிற மாதிரி டை. பிரஷர் எக்கச்சக்கம். டையைக் கழற்றி மூச்சை விடச் சொன்னேன். பிரஷர் மரியாதையாகக் கீழே இறங்கியது. அவர் நம்பாமல் டையை மறுபடி கட்டிப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தார்.

இன்னொரு அக்கா கண் பிரஷரையும் இரத்த அழுத்தத்தையும் ஒன்றாக்கி ஒரு மாதமாகக் கருவாடு தொடாமல் இருந்திருக்கிறார். இரண்டும் வேறு என்று சொன்னதும் அவருக்கு வந்த கோபத்தை என் மேல்தான் இறக்கினார்.

யாழ்ப்பாணத்து ரீச்சர் ஒருவர் பட்டனை அழுத்தாமல் லைட் வரும்போதெல்லாம் “ஓம்” என்றார். அம்மா, பட்டனை அழுத்துங்க என்று கெஞ்சினேன். “ஓம் எண்டு வாயாலை சொல்லுறன்தானே பிள்ளை, பிறகென்னத்துக்குப் பட்டன்?” என்று கேட்டார்.

இவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு ஒரு அருகதையும் கிடையாது. வேலை பழகிய காலத்தில் என்னையே அந்த மெஷினில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். இருட்டு, குளிர், மெல்லிய சத்தம். நான் சுகமாகத் தூங்கிவிட்டேன். வந்த ரிப்போர்ட்டின்படி எனக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

சரி, சின்னையாவிடம் போவோம். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மற்றதில் கை வைக்க மனம் வரவில்லை.

டொக்டரின் புருவம்

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். அதிகம் பேசமாட்டார். ஆனால் அவருடைய இடது புருவம் பேசும். அது மேலே போனால் நல்லதற்கில்லை. அன்று காலையில் சின்னையாவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தபோதே அது மேலே போயிருந்தது.

நான் அந்தப் பளிங்கு ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் வைத்தேன். புருவம் மயிர் தொடங்கும் இடம் வரைக்கும் ஏறியது.

“ஸ்டெல்லா, இது ஆற்றை ரிப்போர்ட்?”

“சின்னையா ஐயாடது, டொக்டர்.”

“நரம்பைப் பார்த்தால் பாதிக்கு மேலை செத்துப்போட்டுது. பிரஷரும் கூட. இதைப் பார்த்தால் பள்ளிக்கூடம் போற பெடியன்ரை கண் மாதிரிக் கிடக்கு.” விரலை அந்த மேல் மூலை வரியில் வைத்தார். “இஞ்சை பாரும். குருட்டுப் புள்ளியிலை போட்ட லைட்டையும் கண்டிருக்கிறார். ஒண்டையும் விடேல்லை.”

இதை விளக்கினால்தான் மேலே போகலாம். கண்ணிலிருந்து நரம்பு வெளியே கிளம்பும் இடத்தில் யாருக்கும் பார்வை கிடையாது. ராஜாவுக்கும் கிடையாது, ராணுவத்தில் குறிபார்த்துச் சுடுபவனுக்கும் கிடையாது. மெஷினுக்கு இது தெரியும். அதனால் களவாகச் சில தடவை அந்த இடத்தில் லைட்டைப் போட்டுப் பார்க்கும். கண் நேராகப் பார்த்தால் அந்த லைட் தெரியவே கூடாது. தெரிந்தால் கண்ணை ஆட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

“கண்ணை ஆட்டினவரோ?”

“இல்ல டொக்டர். கேமராவுல பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சாமி சிலை மாதிரி இருந்தாரு.”

“அப்ப என்னெண்டு தெரிஞ்சது?”

மெஷின்தான் பழுது என்று நினைத்து நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். இம்முறை தூங்கவில்லை. என் குருட்டுப் புள்ளியை மெஷின் உடனே கண்டுபிடித்துவிட்டது. மெஷினில் ஒரு பிசகும் இல்லை.

டொக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, நாளைக் காலை முதல் ஆளாக வந்து மறுபடி அந்தப் பரிசோதனையைச் செய்யவேண்டும் என்றார்.

“பாஸ் பண்ணுனவன எதுக்கு டொக்டரம்மா திரும்பப் பரீட்ச எழுதச் சொல்றீங்க?” என்றார் சின்னையா. அவருக்கு மனத்தாங்கல்.

தெய்வானை வேறொன்றைக் கேட்டார். “வண்டி ஓட்டுறதுக்குத் தட ஒண்ணும் இல்லைங்களே?”

“அதை நாளைக்குப் பார்த்திட்டுத்தான் சொல்லலாம்,” என்றார் டொக்டர்.

தெய்வானையின் கை பையின் வாரை இறுக்கிப் பிடித்தது. காரணம் அவர்கள் வாயாலேயே வந்தது. சின்னையா தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஆட்டோ வாங்கியிருக்கிறார். மடுல்கெல்லவிலிருந்து ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகிற ஆட்களுக்கு அவர்தான். இருவருக்கும் சோறு போடுவதும் அந்த ஆட்டோதான், சின்னையாவை வீட்டில் மனிதராக வைத்திருப்பதும் அதுதான்.

அன்றிரவு அம்பிட்டியவில் தெய்வானையின் தங்கை வீட்டில் தங்குவதாகச் சொன்னார்கள். என் வீடும் அம்பிட்டியவில்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆட்டோவுக்கு ஒரு கண்டக்டர்

சாயங்காலம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. என் குடை காற்றில் மேல் பக்கம் திரும்பிக்கொண்டது. ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்று அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. கண்ணாடியில் முருகன், முருகனைச் சுற்றி பிளாஸ்டிக் ரோஜா.

“மிஸ், அம்பிட்டியன்னுதானே சொன்னீங்க? ஏறுங்க,” என்றார் சின்னையா.

ஏறினேன். பின் சீட் முழுக்க எனக்குத்தான். ஏனென்றால் தெய்வானை பின்னால் இல்லை. முன்னால், டிரைவர் சீட்டின் இடது ஓரத்தில், உடம்பில் பாதி வெளியில் இருக்கும்படி தொற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை கம்பியில், மற்றக் கை சின்னையாவின் முதுகில்.

வயதான காலத்திலும் என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு முதல் வளைவு வரைக்கும்தான் தாங்கியது.

இடது தோளில் ஒரு தட்டு. ஆட்டோ கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கியது. இடப்பக்கம் ஒரு நாய் நனைந்துகொண்டு போனது. வலது தோளில் ஒரு தட்டு. ஆட்டோ இடப்பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கம் ஒரு பஸ் உறுமிக்கொண்டு இறங்கியது. தொடர்ந்து இரண்டு தட்டினால் ஹோர்ன். கிள்ளினால் பிரேக்.

இதில் பெரிய அதிசயம், இவ்வளவுக்கும் நடுவில் இரண்டு பேரும் தங்கை வீட்டுக்காரரின் பல்வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். வாய் ஒரு வேலை செய்தது, கை ஒரு வேலை செய்தது.

“பாத்தீங்களா மிஸ், இந்தக் காலத்து ஆளுங்கள?” என்று சின்னையா என்னிடம் குறைப்பட்டார். “எங்கருந்து வர்றானுங்கன்னே தெரியல. திடீர்னு வந்து முன்னாடி குதிக்கிறானுங்க. முந்தியெல்லாம் ரோடு இப்பிடியா இருந்துச்சு?”

“ஆமா, எல்லாம் கெட்டுப்போச்சு,” என்றார் தெய்வானை. சொல்லிக்கொண்டே கிள்ளினார். ஆட்டோ குலுங்கி நின்றது. குடையைப் பிடித்துக்கொண்டு இருவர் எங்களுக்கு முன்னால் ஆறுதலாக ரோட்டைக் கடந்து போனார்கள்.

நான் வேதக்காரி. ஆனாலும் அன்று அந்தோனியாரோடு நிறுத்திக்கொள்ளாமல் கண்ணாடியில் இருந்த முருகனையும் சேர்த்துக் கும்பிட்டேன். உதவிக்கு யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களைத்தானே கூப்பிடவேண்டும்.

அடுத்த வளைவில் எனக்கு விளங்கிவிட்டது. காலையில் இருட்டறையில் தெய்வானையின் கை எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று திரையையும் சின்னையாவின் கண்ணையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மெஷின் பழசு, பெரிய வெள்ளைக் கிண்ணம். ஸ்டூலில் இருந்து கொஞ்சம் எட்டிப் பார்த்தால் உள்ளே மின்னுவது தெரியும்.

குருட்டுப் புள்ளியில் விழுந்த லைட்டைக் கண்டது சின்னையாவின் கண் இல்லை. நான் பிரமாதம் என்று மெச்சியது தெய்வானையின் பார்வையை.

“அம்மா, எப்பவும் இப்பிடி முன்னாலதான் இருப்பீங்களா?” என்று மெல்லக் கேட்டேன்.

“பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வரும் மிஸ்,” என்றார் தெய்வானை, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பொய்யி,” என்றார் சின்னையா. “நா ஓட்டுறதப் பாக்க அவளுக்கு ஆச.”

தங்கை வீட்டு வாசலில் இறங்கியதும் நான் சின்னையாவிடம் சொன்னேன். “ஐயா, நாளைக்கு வண்டி எடுக்காதீங்க. பஸ்ஸுல வாங்க. டொக்டர் கண்ணுக்கு ஒரு மருந்து விடுவாங்க, அதுக்குப் பிறகு ஓட்ட ஏலாது.” அது உண்மைதான். முழு உண்மை இல்லை. தெய்வானை மழைக்குள் நின்றபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் டொக்டருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி இருமலில் போய் நின்றார். “அந்த மனிசிக்குப் பட்டனைக் குடுத்திருந்தால் இன்னும் கெதியா முடிச்சிருப்பா,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பாவம் அவா, ஸ்டெல்லா,” என்றும் சொன்னார்.

கதவுக்கு வெளியே ஒரு கதிரை

மறுநாள் காலையில் இருட்டறைக்கு வெளியே ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். “அம்மா, நீங்க இங்க உக்காருங்க.”

“நா உள்ள வரலன்னா அவரு பயப்புடுவாரு மிஸ்.”

“யாரு, நானா?” என்றார் சின்னையா. “நீ இங்கயே இரு புள்ள. நா போயி ஒரே அமுக்கா அமுக்கிட்டு வர்றேன்.” சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனார். போகும்போது கதவு நிலையில் தோள் இடித்தது. “இந்தக் கதவ யாரு இங்க வச்சது,” என்று முணுமுணுத்தார்.

தெய்வானை என் கையைப் பிடித்துக்கொண்டார். “மிஸ், ஸ்டூல மட்டும் போடுங்க. நா கையக் கட்டிக்கிட்டு இருக்கேன்.”

“நீங்க எழுதுற பரீட்சைக்கு அவருக்கு எப்பிடிம்மா மருந்து குடுக்கிறது?” என்று கேட்டேன்.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணிப் போத்தலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

உள்ளே தொடங்கினோம். மேலே ஒரு லைட் போனது. சின்னையா அழுத்தவில்லை. ஓரத்தில் போனது. அழுத்தவில்லை. இன்னும் பிரகாசமாகப் போனது. பட்டனில் விரலை வைத்தபடி, வரப்போகிற லைட்டுக்காக மரியாதையாகக் காத்திருந்தார். திரையில் ஒவ்வொரு கட்டமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. நடுவுக்கு வந்தபோதுதான் டக்கென்று அழுத்தினார்.

கொஞ்ச நேரம் போனதும், “மிஸ், மெஷினு பழுதா?” என்று கேட்டார். “நேத்து எவ்வளவு நல்லா ஓடுச்சு. இன்னைக்கு லைட்டே வரலயே.”

நாள் முழுக்க மூன்று மொழியில் வாயடிக்கிறவள் நான். “வருது ஐயா. கொஞ்சம் பொறுங்க,” என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய இடது கை மெல்ல நகர்ந்து பக்கத்து ஸ்டூல் இருந்த இடத்தைத் துழாவியது. அங்கே ஸ்டூலும் இல்லை, ஆளும் இல்லை. கை திரும்பி வந்து தொடைமேல் உட்கார்ந்தது.

“நேத்து அம்மா தட்டினாங்களா ஐயா?”

“ஆமா. நா தூங்கிறக்கூடாதுன்னு தொடையில தட்டிக்கிட்டே இருந்தா. அவ தட்டுனா நா அமுக்குவேன். வண்டியில இருந்து பழக்கம் மிஸ்,” என்றார். ஒரு கள்ளமும் இல்லாமல் சொன்னார்.

ஹேண்டிலைப் பிடித்தவர்

டொக்டர் இரண்டு நாள் ரிப்போர்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வெள்ளை வெளேரென்று. மற்றது ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் மட்டும் ஒரு வெளிச்சம்.

“ஐயா, இது குளுக்கோமாதான். போன பார்வையை என்னாலை திருப்பித் தரேலாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். ஒவ்வொரு இரவும் தவறாமல் மருந்து விடவேணும். பிள்ளையளையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு வந்து காட்டவேணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “இனி வண்டி ஓட்டக்கூடாது.”

சின்னையா அந்தக் கறுத்த தாளையே பார்த்தார். “இது என் கண்ணா?”

“ஓம் ஐயா.”

“ஆனா எனக்குக் கறுப்பா ஒண்ணும் தெரியலயே.”

“தெரியாது. அதுதான் இந்தக் கண் வருத்தத்தின்ரை குணம். இல்லாத இடத்தை இல்லையெண்டு காட்டாது.”

தெய்வானை அவருக்கு இடப்பக்கம் இருந்தார். அவரைப் பார்க்க சின்னையா முழுத் தலையையும் திருப்பவேண்டியிருந்தது. “உனக்குத் தெரியுமா?”

தெய்வானை பையைப் பார்த்தார்.

“எப்பருந்து?”

“நம்ம சின்னவ கல்யாணத்துல. சம்பந்தி வெத்தலத் தட்ட நீட்டுனாரு. நீங்க பாட்டுக்கு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னீங்க. அவரு மூஞ்சி சுருங்கிப்போச்சு.”

“அவரா நீட்டுனாரு? எனக்கு வெத்தல குடுக்காம அவமானப்படுத்திட்டாருன்னுல்ல இன்ன வரைக்கும் அவரோட பேசாம இருக்கேன்.”

“அவரும் அதுக்குத்தான் பேசாம இருக்காரு.”

டொக்டர் ஒரு பைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பைல் குலுங்கியது.

“ஏன் புள்ள சொல்லல?”

“சொன்னா வண்டிய வுட்டுருவீங்க. லொறிய வுட்டப்ப என்ன செஞ்சீங்க? செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்தீங்க. சாப்புடல, பேசல. அப்பிடி இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பு இல்ல.” தெய்வானையின் குரல் உடைந்தது. “வண்டியில இருக்கையிலதான் நீங்க சிரிச்சீங்க.”

சின்னையா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்து நான் தண்ணீர்க் கிளாஸை நகர்த்தி வைத்தேன்.

“அப்ப இம்புட்டுக் காலமும் வண்டி ஓட்டுனது நீயா?”

“நா எங்கங்க ஓட்டுனேன்? ஹேண்டில நீங்கதானே புடிச்சீங்க.”

சட்டைப் பையிலிருந்து ஆட்டோச் சாவியை எடுத்தார். மனைவியின் மடியில் வைப்பதற்காகக் கையை நீட்டிப் போட்டார். மடிக்குத் தப்பி அது தரையில் விழுந்து நாற்காலிக்குக் கீழே போனது. யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரே சிரித்தார்.

“மடி எங்க இருக்குன்னே தெரியல, நா ரோட்டுல ஓட்டியிருக்கேன்,” என்றார்.

தெய்வானை அப்போதுதான் வாய்விட்டு அழுதார். குனிந்து சாவியைத் தேடிக்கொண்டே அழுதார். டொக்டருக்கு, முன்பே வந்திருந்தால் இன்னும் பார்வை மிச்சம் இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியிருந்தது. சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அதற்கு மேல் திட்ட அவருக்கும் மனம் வரவில்லை.

மருந்துச் சீட்டை வாங்கியதும் தெய்வானை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “அவருக்கு வுடுற மருந்துல ஒரு சொட்டு நானும் வுட்டுக்கலாமா டொக்டரம்மா?”

“என்னத்துக்கு?”

“நானும் கெட்டுட்டா யாரு பாக்குறது?”

புருவம் ஏறி இறங்கியது. “உங்கடை கண்ணை எங்கடை மெஷின் ஏற்கெனவே நல்லாப் பார்த்திட்டுது அம்மா. ஒண்டும் வேண்டாம்,” என்றார் டொக்டர்.

வெளியே கொண்டுபோய் விட நானும் போனேன். முதல் படியில் தெய்வானையின் கை தன் பாட்டில் எழுந்து அவர் தோளைத் தட்டியது. சின்னையா நின்றுவிட்டார்.

“இனிமே தட்டாத.”

சுட்டதுபோல் தெய்வானை கையை இழுத்துக்கொண்டார்.

“வாயத் தொறந்து சொல்லு. எங்கெங்க தெரியலன்னு எனக்கும் தெரியட்டும்.”

தெய்வானை அவர் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

“படி,” என்றார். “இன்னொரு படி. இடப்பக்கம் பூச்சட்டி. ஒடஞ்ச சட்டி. வலப்பக்கம் ஒரு ஆளு மேல வர்றாரு. செவப்புச் சட்ட. மூஞ்சி சரியில்ல.”

“அவரு மூஞ்சி எனக்கு எதுக்கு?”

“நீங்கதானே தெரியணும்னீங்க.”

செவப்புச் சட்டைக்காரர் என்னைத் தாண்டி மேலே போனார். எங்களுடைய அடுத்த நோயாளி அவர்தான். நான் அவரைக் கவனிக்காமல் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றேன். சந்து முடியும் வரை தெய்வானையின் குரல் கேட்டது.

“போயிட்டாரா?” என்றார் சின்னையா.

“போயிட்டாரு. மேல அந்த மிஸ் மட்டும் நின்னு அழுவுது.”